‘நோ குரோத்’ என்று மூடிய தாள்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும், இந்த மாவட்டத்தில் முதியோர் இல்லம், மாணவர் விடுதி, அன்னதானக் கூடம் நடத்துகிறவர்களுக்கும்

வணக்கம்.

ஆய்வக நுட்புநராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாந்தி பேதி என்று வருகிறவர்களின் மலச் சாம்பிளைப் பார்ப்பதில்தான் என் காலைப் பொழுதுகள் போயின. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து அமீபா இருக்கிறதா, புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். காலரா சந்தேகம் என்றால் தொங்கு துளி வைத்து அந்தக் கிருமியின் ஓட்டத்தைத் தேடுவோம். அப்புறம் கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. இரண்டு நாள் கழித்தும் தட்டில் சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியா எதுவும் முளைக்கவில்லை என்றால் ‘நோ குரோத்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அத்தோடு அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்விடும்.

அப்படிப் போன தாள்கள் எத்தனையோ. அதற்குள் நோயாளி தேறி வீட்டுக்குப் போயிருப்பார். சீட்டில் ‘ஃபுட் பாய்சன்’ என்று இருக்கும். நான் அடுத்த டப்பாவைத் திறந்திருப்பேன். பாக்டீரியா வளரவில்லை என்றால், வாந்தி பேதியைக் கிளப்பும் நோரோவைரஸ் போன்ற வைரஸும் இல்லை என்று ஆகிவிடாது. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் எழுந்து போய் மேலே சொல்லவில்லை. இப்போது சொல்ல வைத்தது போன மார்கழி.

என் சின்னம்மாவுக்கு வயது 81. பிள்ளைகள் வெளியூரில். அவரே விரும்பித்தான் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா திடீரென்று வாந்தி எடுத்துவிட்டார். உடனே துடைத்தார்கள், அதில் குறை இல்லை. பினாயில் ஊற்றி, வழக்கமான துடைப்பானால் துடைத்து, அதே துடைப்பானால் கூடம் முழுவதையும் துடைத்தார்கள். மறுநாள் ராத்திரி மூன்று பேருக்கு வாந்தி. அதற்கடுத்த நாள் எட்டுப் பேர். அப்புறம் பராமரிக்கிற பெண்கள் இரண்டு பேர், வாட்ச்மேன், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்துபோன ஒரு பேரப்பிள்ளை. ஐந்தாறு நாளில் இல்லத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விழுந்து எழுந்தார்கள். சின்னம்மாவை டிரிப்ஸ் போட ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாள் கழித்துத் திரும்பினார். ஆனால் அதுவரை வாக்கர் இல்லாமல் நடந்தவர், அதற்குப் பிறகு அப்படி நடக்கவே இல்லை.

சாம்பிள் எடுத்தது நான்காம் நாள். எல்லோருக்கும் ஏற்கெனவே ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. கல்ச்சர் முடிவு, நான் எதிர்பார்த்ததுதான்: நோ குரோத். வைரஸ் பரிசோதனையை யாரும் கேட்கவில்லை. எதனால் வந்தது என்ற கேள்விக்கு ‘சாம்பார் கெட்டிருந்தது’ என்று பதில் எழுதினார்கள். இருபது வருஷமாக அங்கே சமைத்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அந்த அம்மாவுக்காகவும்தான் இந்த மடல். சாம்பார் கெட்டுப்போயிருந்தால், சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுந்திருப்பார்கள். இங்கே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றி, நாள் இடைவெளி விட்டு, அலை அலையாக விழுந்தார்கள். அந்தச் சாம்பாரைச் சாப்பிடாத வாட்ச்மேனும் விழுந்தார். 1982ல் கேப்லன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு எளிய அளவுகோல் கொடுத்தார்கள்: பாதிப் பேருக்கு மேல் வாந்தி இருக்க வேண்டும், கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 24 முதல் 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், நோய் 12 முதல் 60 மணி நேரத்தில் அடங்கியிருக்க வேண்டும், மலத்தில் பாக்டீரியா எதுவும் பிடிபட்டிருக்கக் கூடாது. நான்கும் பொருந்தினால் நோரோவைரஸை முதலில் சந்தேகிக்கலாம். இதற்கு மெஷின் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். அந்த இல்லத்தில் நான்கும் பொருந்தின.

இந்த வைரஸின் கதை ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. 1968ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில், ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அந்தச் சாம்பிளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1972ல் ஆல்பர்ட் கபிகியன் என்ற ஆய்வாளர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்தத் துகளைக் கண்டுபிடித்தார். பாருங்கள், சாம்பிளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் வைரஸ் அகப்பட்டது. என் தொழிலில் இருக்கிற யாருக்கும் இதைவிட ஒரு வார்த்தை வேண்டியதில்லை.

ஆனால் நோரோ என்பது ஒரே ஆள் இல்லை. அதன் மரபணுவைப் பார்த்துப் பத்துக் குழுக்களாகவும், அவற்றுக்குள் ஐம்பதை ஒட்டிய வகைகளாகவும் பிரித்திருக்கிறார்கள். மாட்டுக்கு வருவது ஒரு குழு, எலிக்கு வருவது இன்னொரு குழு. மனிதர்களைப் பிடிப்பதில் முக்கியமானவை முதல் குழுவும் இரண்டாம் குழுவும். இரண்டாம் குழுவின் நான்காம் வகையை ஜி2.4 என்பார்கள். 1990களின் நடுவிலிருந்து உலகம் முழுக்க மனிதர்களைப் படுக்க வைத்ததில் பெரும்பங்கு இதனுடையது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சட்டை மாற்றிக்கொண்டு வரும். 2002ல் ஒரு திரிபு, 2004ல் ஒன்று, 2006ல் ஒன்று, 2009ல் ஒன்று. 2012ல் ஆஸ்திரேலியாவில் தெரிந்த சிட்னி திரிபு அதற்கப்புறம் பல ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

சட்டை என்று சொன்னது சும்மா இல்லை. வைரஸின் வெளி ஓட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதிதான் நம் குடல் செல்லைப் பற்றிக்கொள்கிறது. நம் உடம்பின் எதிர்ப்பொருள் அடையாளம் கண்டு மடக்குவதும் அந்தப் பகுதியைத்தான். அது கொஞ்சம் மாறினால் போன தடவை வந்த நோயின் பாதுகாப்பு இந்தத் தடவைக்கு உதவாது. போதாததற்கு, இரண்டு வகை நோரோ ஒரே ஆளின் குடலில் சந்தித்தால், ஒன்றின் ஓட்டை மற்றொன்றின் நகல் எடுக்கும் மரபணுவோடு சேர்த்துப் புது வைரஸ் பிறந்துவிடும். 2016–17 குளிர்காலத்தில் அப்படி ஒரு ஜி2.2 வைரஸ் ஜெர்மனியிலும் சீனாவிலும் பரவியது. அது அதிகம் போனது மழலையர் பள்ளிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும்தான்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான். எந்தத் திரிபு வருகிறது என்பதைப் பொறுத்து, யார் விழுவார்கள் என்பதும் மாறுகிறது.

ஜி2.4 முதியோர் இல்லத்தையும் ஆஸ்பத்திரி வார்டையும் தேடிப் பிடிக்கும், கைக்குழந்தைகளையும் விடாது. ஜி2.3, ஜி2.6 போன்றவை பெரும்பாலும் சிறு பிள்ளைகளிடம் சுற்றுகின்றன. 2014 கடைசியில் ஜப்பானிலும் சீனாவிலும் ஜி2.17 என்ற வகையில் ஒரு புதுத் திரிபு கிளம்பியது. ஹாங்காங்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பார்த்தபோது, ஜி2.4 பெரும்பாலும் குழந்தைகளிடம் இருந்தது, ஜி2.17 பெரியவர்களிடமும் வயதானவர்களிடமும் அதிகம் இருந்தது. அதற்கு முன்னால் அந்த வைரஸை அதிகம் சந்தித்திராத உடம்புகள், எல்லா வயதிலும் தயாராகக் காத்திருந்தன. பிறகு கொஞ்ச காலம் அடங்கியது. பின்னர் மறுபடியும் ஏறியது. அமெரிக்காவில் 2022–23ல் நோரோ பரவல்களில் பத்தில் ஒன்றுகூட ஜி2.17 இல்லை. 2024–25ல் நான்கில் மூன்று அதுதான். இங்கிலாந்திலும் அந்தப் பருவத்தில் அதுவே முன்னால் நின்றது.

நாளைக்கு அது கடலூருக்கு வந்தால் எப்படித் தெரிந்துகொள்வோம்? அங்கே தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு பரவலிலும் சில சாம்பிள்களை எடுத்து மரபணுவைப் படித்து ஓர் இடத்தில் சேர்த்து வைக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு ஆய்வக வலை 2009லிருந்து நடக்கிறது. நம்மிடமும் வாராவாரம் வயிற்றுப்போக்குக் கணக்கு மேலே போகிறது. எத்தனை பேர் என்று தெரிகிறது. எதனால் என்ற கட்டம்தான் பெரும்பாலும் நிரம்பாமல் இருக்கிறது.

யாருக்கு வராது என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் 12 தன்னார்வலர்களுக்கு அந்த நார்வாக் வைரஸைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேருக்கு நோய் வந்தது, ஆறு பேருக்கு வரவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள். அதே ஆறு பேருக்குத்தான் வந்தது. வராதவர்களுக்கு அப்போதும் வரவில்லை. காரணம் பிற்பாடு தெரிந்தது. நம் ரத்தப் பிரிவைத் தீர்மானிக்கும் சர்க்கரைகள் பலருக்கு எச்சிலிலும் குடல் சளியிலும்கூடச் சுரக்கின்றன. வைரஸ் அந்தச் சர்க்கரையைப் பிடித்துத்தான் உள்ளே ஏறுகிறது. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்தச் சுரப்பு இல்லை. நோரோவின் பல வகைகள் அவர்களிடம் தோற்றுப்போகின்றன, எல்லா வகைகளும் அல்ல. ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தியும் ஒருவர் கல்லு மாதிரி இருந்தால், “அவர் மட்டும் எப்படித் தப்பித்தார், அவர்தான் ஏதோ செய்திருக்கிறார்” என்று சந்தேகப்படும் ஊர் நம்முடையது. அது அவரவர் பிறப்போடு வந்த அமைப்பு.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2017லிருந்து தமிழ்நாட்டில் பச்சிளங் குழந்தைகளுக்கு ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து போடுகிறோம். அது பெரிய காரியம். அந்த வேலையில் வேலூர் சி.எம்.சி.யின் பங்கை நினைத்து என்னைப் போன்ற ஆய்வக ஆட்கள் பெருமைப்படுகிறோம். ஆனால் ரோட்டா பின்வாங்கிய பல இடங்களில் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமாக நோரோ முன்னால் வந்துகொண்டிருக்கிறது. எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில் வேலூரும் ஒரு களம். அந்தக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரை இரண்டு வயதுக்குள் நோரோ ஒரு தடவையாவது தொட்டிருந்தது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 68 கோடிப் பேருக்கு இந்த நோய் வருகிறது என்றும், இறக்கும் சுமார் இரண்டு லட்சம் பேரில் 50,000 பேர் குழந்தைகள் என்றும் கணக்குச் சொல்கிறது. அதில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளின் பிள்ளைகள். நோரோவுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு வந்தது. 2022 ஜூனில் திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞத்தில் இரண்டு பள்ளிக் குழந்தைகளுக்கு உறுதியானது. நம் பத்திரிகைகளும் ‘கேரளாவில் நோரோ வைரஸ்’ என்று எழுதின. கேரளாவில் இந்த வைரஸ் பிடிபட்டதற்குக் காரணம், அவர்கள் சாம்பிளை வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பித் தேடியதுதான். தேடாத ஊர்களின் பெயர் செய்தியில் வராது, அவ்வளவே.

நம் மாவட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஜனங்களைத் தங்க வைக்கிறோம். ஃபெஞ்சலின்போது தென்பெண்ணை ஊருக்குள் வந்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. ஐம்பது பேருக்கு ஒரு கக்கூஸ், ஒரு குழாய், பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்கை. இருபதுக்கும் குறைவான துகள்களே ஒரு ஆளைப் படுக்க வைக்கப் போதும் என்று கணக்கிடப்பட்ட வைரஸ் இது. நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் அது கோடிக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்ட முகாமுக்குள் ஒரு பிள்ளை வாந்தியோடு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வடலூரும் நம் மாவட்டம்தான். வள்ளலார் 1867ல் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. தைப்பூசத்தில் எத்தனை பந்தல்களில் சோறு போடுகிறார்கள்! பசியோடு வந்தவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடும் கை அது. அந்தக் கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பரிமாறுகிறவருக்கு இரண்டு நாள் முன்பு வாந்தி பேதி இருந்திருந்தால், அவர் அன்றைக்குக் கரண்டி பிடிக்காமல் கூட்டத்தை ஒழுங்கு செய்யும் தொண்டைச் செய்யலாம். அதுவும் தொண்டுதான்.

இனி நான் கேட்பது.

எந்த இடத்திலும் இரண்டு நாளுக்குள் ஐந்து பேருக்கு மேல் வாந்தி பேதி வந்தால், மூன்று நாள் தாண்டுவதற்குள் ஐந்தாறு பேரிடம் மலச் சாம்பிள் எடுத்து ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மருந்து எதுவும் கலக்க வேண்டாம், அகன்ற வாய் டப்பா போதும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டார்கள் என்று தயங்கவும் வேண்டாம். அது வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்குக் கல்ச்சர் போடும்போதே, இன்னொரு டப்பாவை வைரஸ் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்ப வழி செய்யுங்கள். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், முள்ளோடை தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் ஜிப்மர். அங்கே வைரஸ் ஆய்வகம் இருக்கிறது. அது மத்திய அரசு நிறுவனம், புதுச்சேரி வேறு நிர்வாகம் என்பது எனக்குத் தெரியும். நம் ஜனங்கள் தலைவலி பெரிதானால் பஸ் ஏறுவது அங்கேதான். ஆளுக்கு ஆள் டிக்கெட் எடுத்துப் போகிற ஊருக்கு ஒரு ஐஸ் பெட்டி போக முடியாதா? ஆட்சியர் அவர்கள் ஒரு கடிதம் எழுதினால் இது நடக்கும் என்று நம்புகிறேன். பாசிட்டிவ் வந்த சாம்பிள்களில் ஒன்றிரண்டையாவது வகை பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவே விழுந்தவர்களின் வயதையும் எழுத வேண்டும். ஜி2.17 வந்திருக்கிறது, பெரியவர்களும் சேர்ந்து விழுகிறார்கள் என்று ஒரு இடத்தில் தெரிந்தால், அடுத்த இல்லம் தன் ஆட்களை உஷார்ப்படுத்த முடியும்.

முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இல்லங்களும் விடுதிகளும் நாளைக்கே செய்யக் கூடியது இருக்கிறது. கோவிட் காலத்திலிருந்து எல்லா வாசலிலும் சானிடைசர் பாட்டில் தொங்குகிறது. நோரோவிடம் அந்த ஆல்கஹால் அவ்வளவாகச் செல்லாது. கோவிட் வைரஸுக்கு இருக்கிற கொழுப்பு உறை இதற்கு இல்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி, இருபது நொடி தேய்த்துக் கழுவ வேண்டும். முகாமுக்குப் போகும் பொருள்களில் சானிடைசரைக் குறைத்து சோப்புக் கட்டியைக் கூட்டுங்கள்.

வாந்தி எடுத்த இடத்துக்குப் பினாயிலை நம்ப வேண்டாம். முதலில் பழைய துணியோ காகிதமோ போட்டு வாந்தியை அள்ளிப் பையில் கட்டிவிட வேண்டும். அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல். நல்ல பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்கு குளோரின் இருக்கும். லிட்டருக்குப் பதினாறு கிராம் போட்டால் தேவையான வீரியம் கிடைக்கும். ஊற்றிப் பத்து நிமிஷமாவது விட்டுத் துடைக்க வேண்டும். கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, கட்டில் கம்பிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். வாய் திறந்து மாசக்கணக்கில் கிடந்த மூட்டையில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது. அதை வாங்கி அடுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். துடைத்த துணியைத் தூக்கிப் போடுங்கள். அந்தத் துடைப்பான் அடுத்த அறைக்குள் போகவே கூடாது.

சமையல் செய்கிறவருக்கும் பரிமாறுகிறவருக்கும் வாந்தி பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் லீவு வேண்டும், சம்பளத்தோடு. சம்பளம் இல்லை என்றால் அவர் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். வராமல் என்ன செய்வார்? நின்ற பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வைரஸ் போகலாம் என்பதால், திரும்பி வந்தபின் கை கழுவுவதில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

படுத்துவிட்டவருக்குத் தனி மருந்து கிடையாது. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாந்தி எடுத்தாலும் விட்டு விட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வயதானவர்கள் தாகம் என்று கேட்க மாட்டார்கள். சின்னம்மாவும் கேட்கவில்லை. நாக்கு வறண்டு, பேச்சு குழறியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் போங்கள். அவர்கள் உடம்பில் இது மாசக்கணக்கில் தங்கிவிடும்.

இல்லம் நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று. உங்கள் இல்லத்தில் நாளைக்கு இப்படி நடந்தால், முதல் நாளே ஒரு நோட்டில் யார், எத்தனை மணிக்கு, வாந்தியா பேதியா, கடைசியாக யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று எழுதுங்கள். சாம்பிள் முடிவு கைக்கு வரும்வரை சமையல்காரரை நிறுத்தாதீர்கள். அந்த அம்மா இப்போது மஞ்சக்குப்பத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். தன் கைச் சாம்பாரால்தான் அத்தனை பேரும் விழுந்தார்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் நேரில் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். “பேப்பர்ல அப்படித்தானே எழுதியிருக்காங்க” என்றார். அந்தப் பேப்பரை மாற்ற என் சொல் போதவில்லை.

சாம்பிள் எடுப்பது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது, லேபிள் ஒட்டுவது, பிளீச்சிங் பவுடரை அளந்து கரைப்பது ஆகியவற்றை இல்லப் பணியாளர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் சொல்லிக் கொடுக்க நான் வரத் தயார். வாரத்தில் எந்த நாளும் சரி. பஸ் செலவு என்னுடையது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
புதுப்பாளையம், கடலூர்.